யூனிட் இல்லாம போன ஃபைல்

இன்னைக்கு ஒரு ஃபைலோட கதை. அதுல இருந்த நம்பர்கள் எல்லாம் சரியாத்தான் கணக்குப் போட்டு எழுதினது. ஆனாலும் அதனால ஒரு விண்கலம் போச்சு.

1998 டிசம்பர் 11. நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குக் கிளம்புது. போற வழியில கலத்தை நிலையா வெச்சிருக்க, சின்ன த்ரஸ்டர்களை அப்பப்போ இயக்கணும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உந்துதல் கிடைச்சதுன்னு லாக்ஹீட் மார்ட்டினோட சாஃப்ட்வேர் ஒரு ஃபைல்ல எழுதும். ஜெட் ப்ரொபல்ஷன் லேபோட நேவிகேஷன் டீம் அதை வெச்சுப் பாதையைக் கணிக்கும்.

எழுதினது பவுண்டு-விசை செகண்ட்ல. படிச்சது நியூட்டன் செகண்ட்னு நினைச்சு. ஒரு பவுண்டு-விசைன்னா சுமார் 4.45 நியூட்டன். ஒவ்வொரு தடவையும் சின்னப் பிழைதான். ஒன்பது மாசத்துல அது மலையாச்சு. 1999 செப்டம்பர் 23 அன்னைக்கு, செவ்வாய்க்கு மேல சுமார் 226 கிலோமீட்டர் உயரத்துல போக வேண்டிய கலம், பின்னாடி போட்ட கணக்குப்படி சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கியிருந்தது. அதுக்கப்புறம் சிக்னலே இல்லை.

மெட்ரிக்லதான் இருக்கணும்னு இன்டர்ஃபேஸ் ஆவணம் தெளிவா சொல்லியிருந்தது. யூனிட் ஆவணத்திலேயே தங்கிடுச்சு. நம்பர் மட்டும் தனியா கிளம்பிடுச்சு.

இதுக்கு ஒரு தீர்வு அப்பவே இருந்தது. 1994-லயே ஆண்ட்ரூ கென்னடி 'டைமென்ஷன் டைப்ஸ்'னு ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதிட்டார். யூனிட்டை டைப்போடவே ஒட்டிடணும்ங்கிறதுதான் ஐடியா. மீட்டரை செகண்டால வகுத்தா வேகம் வரும். மீட்டரோட செகண்டைக் கூட்டினா? கம்பைலரே தடுத்துடும். பின்னாடி இது மைக்ரோசாஃப்டோட எஃப் ஷார்ப் மொழிக்குள்ள வந்தது. 2008-ல சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு பூஸ்ட் யூனிட்ஸ் லைப்ரரி வந்தது.

அப்போ இது இருந்திருந்தா ஆர்பிட்டர் தப்பிச்சிருக்குமா? அவ்வளவு சுலபமில்லை. எஃப் ஷார்ப்ல கம்பைல் ஆனதும் யூனிட் அழிஞ்சுடும். அதனாலதான் வேகம் குறையறதில்லை. ஆனா ஃபைல்ல எழுதும்போது நம்பர் மறுபடியும் அநாதை. ஆர்பிட்டர் தொலைஞ்சது சரியா அந்த இடத்துலதான், ரெண்டு புரோகிராமுக்கு நடுவுல. ரெண்டையும் தனித்தனியா கம்பைல் பண்ணியிருந்தா ஒரு எரர்கூட வந்திருக்காது.

அதனால, ஒரு லைப்ரரிக்கு யூனிட் சேர்க்கும்போது கூட்டல், பெருக்கலோட நிறுத்திடாதீங்க. எழுதுற ஃபங்ஷன் யூனிட்டையும் சேர்த்து எழுதணும். படிக்கிற ஃபங்ஷன் யூனிட் இல்லாத நம்பரை வாசல்லயே நிறுத்தணும்.

உங்க கான்ஃபிக் ஃபைல்ல 'டைம்அவுட் 30'னு இருக்கா? 30 செகண்டா, மில்லிசெகண்டா? ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.