வெண்புயலும் ஓரறைப் பள்ளிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவில், மிசூரி ஆற்றுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் நெப்ராஸ்காச் சமவெளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிக்கூடம் நிறைந்திருந்த காலம் குளிர்காலமே. உழவும் விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் பெரிய பையன்கள் தந்தையரோடு வயலில் நின்றார்கள். சோளம் வீடு வந்து, நிலம் கல்லாக உறைந்த பின்னரே அவர்கள் பலகையும் புத்தகமுமாகப் பள்ளி வாசலில் தென்பட்டார்கள். மார்கழிப் பனியையே குளிர் என்று போர்வைக்குள் ஒடுங்குகிற நமக்கு, மூச்சுக்காற்றும் மீசையில் உறைந்துபோகும் அந்தப் பருவத்தில் பிள்ளைகளைக் கல் தொலைவு நடக்கவிட்டார்கள் என்பது வியப்பாகத் தோன்றலாம். அவர்களுக்கு வேறு பருவம் வாய்க்கவில்லை.

அங்கே 'பள்ளி மாவட்டம்' என்றால், நாம் அறிந்த ஆட்சியர் மாவட்டம் போன்ற பெரும் பரப்பன்று. சில சதுர மைல் நிலமும், அதன் நடுவே ஒரே ஒரு பள்ளியும், அப்பள்ளியை நடத்த அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் தம்முள் தேர்ந்தெடுத்த மூவரும் சேர்ந்ததே ஒரு மாவட்டம். பெயர்கூடப் பலவற்றுக்கு இல்லை, எண்தான். 1785ஆம் ஆண்டு நில அளவைச் சட்டம் ஆறு மைல் சதுரமான ஒவ்வொரு நிலத்தொகுதியையும் முப்பத்தாறு பங்காகப் பிரித்து, பதினாறாம் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. நெப்ராஸ்காவில் முப்பத்தாறாம் பங்கும் அதனோடு சேர்ந்தது. 1862ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி நூற்று அறுபது ஏக்கர் நிலம் பெற்று வந்தவர்கள் முதலில் தமக்கு ஒரு மண்கட்டி வீடும், அடுத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மண்கட்டிப் பள்ளியும் எழுப்பினார்கள். மரம் இல்லாத நாடு. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்ணே அங்குச் செங்கல்லாயிற்று.

அந்த ஓரறைப் பள்ளியே ஊரின் சாவடி, மன்றம், கோயில் எல்லாமும். வாரநாளில் பகலெல்லாம் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பார்கள். இரவானால் பெற்றோர் விளக்குகளைக் கையிலேந்தி வந்து கூடுவார்கள். எழுத்துக்கூட்டும் போட்டி நடக்கும். பள்ளிப் பருவம் கடந்தவர்களும் எழுந்து நின்று, தவறிய சொல்லோடு வெட்கத்துடன் அமர்வார்கள். இலக்கியக் கழகம் என்ற பெயரில் பட்டிமன்றம் நடக்கும். இளம்பெண்கள் தம் கையால் சமைத்து அலங்கரித்துக் கொண்டுவரும் உணவுப் பெட்டிகளை, நம் பங்குத் திருவிழாவில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதுபோல ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் பள்ளிக்குப் புத்தகமாகவோ விளக்காகவோ திரும்பி வரும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று எங்கிருந்தோ ஒரு மரத்தைத் தேடிக் கொணர்ந்து நிறுத்துவார்கள். அது கிடைக்காத இடத்தில் காய்ந்த கிளையே மரமாகும். பிள்ளைகள் பாட்டும் உரையும் ஒப்பிப்பார்கள். எந்தப் பள்ளியில் விழா, எங்கே போட்டி, யார் வெளியூர் சென்று திரும்பினார் என்பதெல்லாம் வட்டார வார இதழில் சிறுசிறு செய்தியாக வரும். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே அரை மைல் வெறுமை கிடந்த நாட்டில், பள்ளிதான் மனிதரை மனிதராகச் சேர்த்து வைத்தது.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் அங்கே இருந்தன. 1874இல் ஜான் ஓ'நீல் என்பவர் ஹோல்ட் வட்டத்தில் அயர்லாந்துக்காரரின் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயரே அவ்வூருக்கு நிலைத்தது. 1879இல் எழுந்த அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடியேற்றச் சங்கத்துக்குப் பியோரியா ஆயர் ஜான் லங்காஸ்டர் ஸ்பால்டிங் தலைமை ஏற்றார். நகர்ச் சேரிகளில் நசுங்கிய ஏழைகளுக்கு நிலம் தேடித் தந்த அச்சங்கத்தின் பணிக்கு ஓமாகா ஆயர் ஜேம்ஸ் ஓ'கானர் துணை நின்றார். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பேரவை, ஒவ்வொரு கோயிலின் அருகிலும் இரண்டே ஆண்டுகளுள் பங்குப் பள்ளி எழ வேண்டும் எனப் பணித்தது. அந்த ஆணையைச் சமவெளியில் நிறைவேற்றக் கோயிலே பல இடங்களில் இல்லை. எத்தனையோ கத்தோலிக்கப் பிள்ளைகள் லூத்தரன், மெதடிஸ்ட், மென்னோனைட் பிள்ளைகளுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து மாவட்டப் பள்ளியில் படித்தனர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. எல்லாப் பொறுப்பும் ஆசிரியர் ஒருவர் தலையில். அவர் பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றிய பெண். சில வேளை அவருடைய மூத்த மாணவனைவிட இளையவர். மாணவர் வீடுகளில் தங்கி உண்டவர். அறைக்குச் சூடு தரும் இரும்பு அடுப்புக்கு எரிபொருள் தருவது மாவட்டத்தாரின் கடமை. நிலக்கரி விலைமிக்கது, ஆகவே சோளச் சக்கையும், முறுக்கிக் கட்டிய காய்ந்த புல்லும் எரிந்தன. சிக்கனம் பார்க்கிற ஊர்களில் ஒரு நாளைக்கு மட்டும் போதுமான அளவே மூலையில் கிடக்கும். அன்றாட நாளில் அது போதும்.

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அதற்கு முந்தைய நாள்களில் கடுங்குளிர் வாட்டியிருந்தது. அன்று காலையோ தெற்கிலிருந்து வந்த இளஞ்சூடான காற்றில் வெண்பனி இளகத் தொடங்கியது. மக்கள் மகிழ்ந்து வெளியே வந்தார்கள். கால்நடைகளை மேய விட்டார்கள். பிள்ளைகள் கனத்த மேலங்கியை வீட்டிலேயே விட்டுப் பள்ளிக்கு ஓடினார்கள். வடமேற்கிலிருந்து துருவக்குளிர் பெருஞ்சுவராக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வானிலை முன்னறிவிப்பு அன்று படைத்துறையின் சமிக்ஞைப் பிரிவின் பணி. செயின்ட் பால் நகரில் அப்பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் தாமஸ் உட்ரஃப் குளிரலை எச்சரிக்கையை அனுப்பத்தான் செய்தார். தந்தி நிலையமுள்ள ஊர்களில் வெள்ளைத் துணியின் நடுவே கருஞ்சதுரம் பொறித்த கொடியை ஏற்றுவது வழக்கம். பத்து மைலுக்கு அப்பால் மண்கட்டிப் பள்ளியில் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியைக்கு அந்தக் கொடி எங்கே தெரியும்?

டகோட்டாவில் முற்பகலிலும், நெப்ராஸ்காவின் பல பகுதிகளில் பள்ளி முடியும் வேளையிலும் புயல் இறங்கியது. தப்பியவர்கள் பலரும் ஒன்றையே சொன்னார்கள்: ஓர் இரைச்சல், உடனே இருள். மாவு போன்ற பொடிப்பனி கண்ணையும் மூக்கையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. மறுநாள் விடியலில் பல இடங்களில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை பாரன்ஹீட்டையும் தாண்டி இறங்கியிருந்தது.

மிரா பள்ளத்தாக்கில் மின்னி ஃப்ரீமன் என்ற ஆசிரியையின் பள்ளிக் கூரையைக் காற்று பிய்த்தெறிந்தது. அவர் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ அரை மைல் அப்பால் இருந்த பண்ணை வீட்டுக்கு நடத்திச் சென்றார். ஒருவரும் இறக்கவில்லை. பிளெய்ன்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியையிடம் அன்று மூன்றே பிள்ளைகள் எஞ்சியிருந்தனர்: ஒன்பது வயதுச் சிறுவர் இருவர், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. பிற்பகல் மூன்று மணி அளவில் எரிபொருள் தீர்ந்தது. அவர் தங்கியிருந்த வீடு கூப்பிடு தூரத்தில்தான். அம்மூவரையும் கைப்பிடித்துப் புறப்பட்டவர் வழி தவறினார். திறந்த வெளியில் பிள்ளைகளைத் தம் உடலோடு அணைத்துக் கிடந்தார். இரவில் ஒருவர் பின் ஒருவராக மூவரும் அவர் அருகிலேயே உயிர் நீத்தனர். விடிந்தபின் உதவி தேடி அவர் வீட்டை அடைந்தார். உறைந்த பாதங்கள் இரண்டையும் பின்னர் வெட்டியெடுக்க நேர்ந்தது.

ஹோல்ட் வட்டத்தில் பத்தொன்பது வயது ஆசிரியை எட்டா ஷாட்டக் வழியில் சிக்கி, ஒரு வைக்கோற்போரினுள் புகுந்து, மூன்று நாள் செபித்தும் பாடியும் கிடந்தார். மீட்கப்பட்டும் பிப்ரவரியில் இறந்தார். தெற்கு டகோட்டாவில் மென்னோனைட் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து சிறுவர்கள் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒன்றாக மாண்டனர். நெப்ராஸ்காவில் வேறோர் இடத்தில் இரு சகோதரிகளின் உடல்கள் கிடைத்தன; அக்காளின் போர்வை தங்கையைச் சுற்றியிருந்தது. அந்தப் புயலில் இறந்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் பிள்ளைகள் பலர் என்பதால் அதனைப் 'பள்ளிக்கூடப் புயல்' என்றே அந்நாட்டவர் அழைக்கின்றனர்.

இதில் என் உள்ளத்தை உறுத்துவது அடுத்து நடந்தது. அதே ஆண்டிலேயே மின்னி ஃப்ரீமனைப் புகழ்ந்து ஒரு பாட்டு அச்சாகி நாடெங்கும் பரவியது. அதன் தலைப்பிலேயே அவர் காத்தவர்கள் பதின்மூவர் என எண்ணிக்கை இருந்தது. பிறர் பதினாறு என்றும் பதினேழு என்றும் சொன்னார்கள். பிள்ளைகளைக் கயிற்றால் பிணைத்து நடத்தினார் என்ற கதையும் வளர்ந்தது. அவர் துணிவுடையவர், ஐயமில்லை. ஆயினும் அவர் செய்ததும் லோயிஸ் ராய்ஸ் செய்ததும் ஒன்றேயல்லவா? இருவரும் இனி இங்கே இருக்க இயலாது என்று கண்டனர். இருவரும் பிள்ளைகளோடு வெளியே இறங்கினர். ஒருவருடைய கால் வீட்டு வாசலைத் தொட்டது. மற்றவருடைய கால் தொடவில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவரைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்ட கேள்வி லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் பிரிவில் இருக்கிறது. முடிவைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கத்தை அங்கே அவர் மறுக்கிறார்.

நல்ல வேளையாக அன்று வேறு சிலரும் அவ்வாறு அளக்க மறுத்தனர். 'ஓமாகா பீ' என்ற நாளிதழ் வீராங்கனையர் நிதி ஒன்றைத் திரட்டியது. அந்த நிதியில் காத்தவர் பெயரோடு இழந்தவர் பெயரும் ஒரே வரிசையில் நின்றது: ஃப்ரீமன், ராய்ஸ், ஷாட்டக், இவர்களுடன் புயலில் சிக்கிக் காலிழந்த லீனா வோபெக் என்ற பதினோரு வயது மாணவி. நாளிதழ் தன் விற்பனையையும் எண்ணியிருக்கும், மறுப்பதற்கில்லை. இருந்தும் அந்தப் பாட்டைவிட இந்தப் பட்டியலே எனக்கு நற்செய்திக்கு அணுக்கமாகத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் குறை. அடுப்பு மூலையில் எரிபொருள் ஏன் போதவில்லை என்ற கேள்வியை நிதி தொடவில்லை. அக்கேள்வி மாவட்டத்தார் மூவரிடமும், வரி கட்டத் தயங்கிய குடியானவர் அனைவரிடமும் போய்ச் சேரும். அவர்களிலோ பிள்ளையை இழந்த தந்தையரும் இருந்தனர்.

முன்னறிவிப்புப் பணி 1891இல் படைத்துறையிடமிருந்து வேளாண் துறைக்கு மாறியது. சாலையும் பேருந்தும் வந்தபின் சிறு மாவட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. 1920ஆம் ஆண்டளவில் ஏழாயிரத்தை எட்டியிருந்த நெப்ராஸ்கா பள்ளி மாவட்டங்கள் இன்று முந்நூறுக்கும் குறைவு; தொடக்கப் பள்ளி மட்டும் கொண்ட கடைசிச் சிற்றூர் மாவட்டங்கள் 2006இல் கலைக்கப்பட்டன. இன்று புயல் வருமெனில், கண்காணிப்பாளர் முந்தைய மாலையிலேயே விடுமுறை அறிவித்துவிடுகிறார்.

தப்பியவர்கள் முதியவர்களானபின், 1940இல், 'ஜனவரி 12 புயல் சங்கம்' என்று ஒன்று அமைத்துக்கொண்டனர். அன்று மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி 1947இல் நூலாக வெளியிட்டனர். கயிறு இருந்ததா இல்லையா என்பதில் அப்போதும் ஒருமித்த கருத்தில்லை. லிங்கன் நகரிலுள்ள மாநிலத் தலைமை மன்றக் கட்டடத்தின் சுவரில் ஜீன் ரெய்னல் என்ற ஓவியர் 1967இல் பதித்த வண்ணக்கல் ஓவியத்தில், வெண்பனியினூடே பிள்ளைகளை நடத்திச் செல்லும் ஆசிரியையை இன்றும் காணலாம். கைடுகள் அவரை மின்னி ஃப்ரீமன் என்று அறிமுகம் செய்கின்றனர். அந்தக் கற்களின் முன் நிற்கும்போது, அவர் வீட்டு வாசலை அடைந்தாரா இல்லையா என்பது ஓவியத்தில் தெரிவதில்லை.