அறிந்து அணைக்கும் படை

வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. தீயணைப்பு நிலையத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டின் தீயணைப்புத் துறைகள் பலவற்றில், அபாயகரமான ரசாயனப் பொருள்களை எதிர்கொள்வதற்கென்றே தனிப்படைகள் இருக்கின்றன. அவை தோன்றிய காரணத்தை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், டெக்சாஸ் சிட்டி என்னும் துறைமுக நகரில் கிராண்ட்காம்ப் என்ற பிரெஞ்சுக் கப்பல் நின்றிருந்தது. அதில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம், காகித மூட்டைகளில் ஏற்றப்பட்டிருந்தது. காலை எட்டு மணியளவில் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தண்ணீர் பாய்ச்சினால் சரக்குக் கெடும் என்று கருதிய கப்பல் தலைவர், மூடிகளை அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தச் செய்தார். காற்றை விலக்கினால் தீ அவியும் என்பது நீங்கள் படித்த பாடந்தானே? ஆனால் இந்த உப்போ, எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தன்னகத்தே கொண்டது. ஆகவே தீ அவியவில்லை. அடைபட்ட அறையில் வெப்பமே மிகுந்தது.

புகையின் விந்தையான நிறத்தைக் காண மக்கள் கரையில் கூடினர். சரியாக 9.12 மணிக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. அந்நகரின் தொண்டர் தீயணைப்புப் படையினர் 28 பேரில் 27 பேர் மாண்டனர். மறுநாள் அதிகாலையில் ஹை ஃப்ளையர் என்ற மற்றொரு கப்பலும் வெடித்தது. இறந்தோர் தொகை 580 அளவில் இருந்தது.

அந்த வீரர்களிடம் துணிவு குறைவாக இருந்ததா? இல்லை. எதிரே எரிவது எத்தன்மையது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

இத்தகைய துயரம் அத்துடன் நிற்கவில்லை. 1973-இல் அரிசோனா மாநிலத்துக் கிங்மன் நகரில், புரொப்பேன் ஏற்றிய ரயில் தொட்டி தீப்பற்றி வெடித்து, 11 தீயணைப்பு வீரர்களின் உயிரைக் கொண்டது. 1978-இல் டென்னசி மாநிலத்து வேவர்லியில், தடம் புரண்ட தொட்டியொன்று இரண்டு நாட்கள் கழித்து வெடித்தது. 16 பேர் இறந்தனர். இதற்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1977-இல், புளோரிடாவின் ஜாக்சன்வில் தீயணைப்புத் துறை ஒரு தனிப்படையை அமைத்துவிட்டது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1984-இல் நம் போபாலில் நச்சுவாயு பரவிய கொடுமைக்குப் பின், 1986-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஆலைகள் தம்மிடமுள்ள அபாயப் பொருள்களை ஊராருக்கும் தீயணைப்புத் துறைக்கும் அறிவிக்க வேண்டுமென்று அது விதித்தது.

இப்படைக்கு வேண்டிய உடைகளும் கருவிகளும் விலை மிகுந்தவை, பயிற்சியோ நெடியது. சிற்றூர் ஒன்றால் தனித்து இச்செலவைத் தாங்க இயலாது. ஆதலால் அண்டை ஊர்கள் பல கூடி, வட்டாரத்திற்கு ஒரு படை என்று அமைத்துக்கொண்டன.

இப்படையினர் வந்தவுடன் பாய்ந்து செல்வதில்லை. காற்று வீசி வரும் திசையில் தொலைவிலேயே நின்று, தொலைநோக்கியால் தொட்டியின் மீதுள்ள எண்ணைப் படிக்கின்றனர். 1203 என்றால் பெட்ரோல். 1017 என்றால் குளோரின். பொருளை அறிந்தபின் இடத்தை மூன்று வளையங்களாகப் பிரிக்கின்றனர். உள்வளையத்தில் காப்புடை அணிந்தோர் மட்டுமே நுழையலாம். வெளிவருவோர் நடு வளையத்தில் நச்சு நீங்கக் கழுவப்பெறுவர். ஏனையோர் வெளிவளையத்தில் நிற்பர். சில வேளைகளில், அணைக்க முயலாமல் மக்களை அப்புறப்படுத்தி விலகி நிற்பதே இவர்களது முடிவாக இருக்கும். டெக்சாஸ் சிட்டியில் அன்று இம்முறை இருந்திருப்பின், கரையில் நின்றவர்களையேனும் காப்பாற்றியிருக்கலாம்.

வேதியியல் பாடம் தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணும் மாணவர் பலரை நான் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். நம் சாலைகளிலும் டாங்கர் லாரிகளின் பின்புறம் அந்நான்கு இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த முறை காணும்போது அவற்றைப் படித்து, அவை குறிக்கும் பொருள் எது, அது எரியுமா, நச்சா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டறியுங்கள்.