மீன் தொட்டியும் சாக்கடைத் தண்ணீரும்

பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரு கண்ணாடி மீன் தொட்டி வந்துவிடுகிறது. எங்கள் சேதராப்பட்டிலும் அப்படித்தான். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விட்டுவிடுகிறோம். முதல் வாரம் குதூகலம். இரண்டாம் வாரம் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன, குழந்தை அழுகிறது. கண் பட்டுவிட்டது என்கிறார் பாட்டி. கடைக்காரன் நோய் மீனைக் கொடுத்துவிட்டான் என்கிறார் தாத்தா. பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. உண்மைக் காரணத்தைப் பிரான்சில் 1877-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'அசோத்' நினைவிருக்கும். நைட்ரஜனுக்கு லவுவாசியே குழுவினர் 1787-ல் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'உயிரற்றது' என்று பொருள். ஆனால் உயிருள்ளவற்றின் கழிவில் எல்லாம் அசோத் உண்டு. மீனின் கழிவில் அது அமோனியாவாக வெளிவருகிறது. மீனுக்கு அது விஷம்.

அமோனியா மண்ணில் கிடந்தால் நாளடைவில் நைட்ரேட் ஆகிறது என்பது பழைய செய்தி. தொழுவச் சுவரில் பூக்கும் வெடியுப்பு அப்படி வந்ததுதான். வெடிமருந்துக்கு அது இல்லாமல் முடியாது. பீகார் வெடியுப்பு உலகப் புகழ் பெற்றது. 1757-ல் சந்திரநாகூரைக் கிளைவ் பிடித்து, பிளாசியிலும் வென்ற பின் அந்த வணிகம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிரான்ஸ் தன் நிலவறைச் சுவர்களையும் எருக்குவியல்களையும் நம்ப வேண்டியதாயிற்று. 1775-ல் அரசாங்க வெடிமருந்து நிர்வாகத்தில் லவுவாசியே அமர்த்தப்பட்டதன் பின்னணி இது. ஆனால் அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

பாஸ்தர் 1862-ல் இது நுண்ணுயிரின் வேலையாக இருக்கலாம் என்றார். அதை நிரூபித்தவர்கள் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்ற இருவர். பாரிஸ் நகரின் சாக்கடைத் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சி வந்த காலம் அது. மண் எப்படி அந்த நீரைச் சுத்தம் செய்கிறது என்பதே கேள்வி. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் சுட்ட மணலையும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, தினமும் சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். 20 நாள் வரை அமோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட் தோன்றியது, அமோனியா மறைந்தது.

வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். 20 நாள் தாமதம், ஏதோ ஒன்று உள்ளே பெருகி வளர்ந்திருக்கிறது என்று காட்டியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றது. ஆவியை நீக்கிய பிறகும் தொடங்கவில்லை. நல்ல தோட்ட மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், சில நாளில் மீண்டும் தொடங்கியது. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

கீவ் நகரில் பிறந்த வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் சூரிச்சில் அந்த உயிர்களைத் தனியே பிரித்தார். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷமே. நைட்ரேட் அவ்வளவு கேடில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இனி நம் தொட்டிக்கு வருவோம். இந்த உயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். அதனால் புதுத் தொட்டி தானாகப் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். விரைவுபடுத்த உறை ஊற்றுவதுதான் வழி. நல்ல மீன்கள் வாழும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து புது வடிகட்டியில் வையுங்கள். பழைய தண்ணீரை மட்டும் ஊற்றிப் பயனில்லை, அவை பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். காற்று மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும், அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். நம் ஊர் வெயில் இதற்கு உதவியே செய்யும். முதலில் இரண்டொரு மீன், சிறிதளவு தீனி. மற்றவை பிறகு.

தொட்டி வாங்கக் கடைக்குப் போகும் முன், பழைய தொட்டி வைத்திருக்கும் வீட்டில் ஒரு துண்டுப் பஞ்சு கேட்டு வையுங்கள்.