நானூறு டாலர் கிட்டார்

விலையையே பெயராகச் சூட்டிக்கொண்ட வாத்தியம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலாமசூ என்று ஓர் ஊர். அங்கிருந்த கிப்சன் கம்பெனி 1934-இல் ஒரு கிட்டாரை வெளியிட்டது. விலை 400 டாலர், பெயர் 'சூப்பர் 400'. பெயருக்காக அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை! அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். வேலையில்லாதவர்கள் இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். ஐந்நூறு அறுநூறு டாலருக்கு ஒரு புது ஃபோர்டு காரே கிடைத்தது. அந்த நேரத்தில் நானூறு டாலர் போட்டு கிட்டார் வாங்கியவர்கள் யார், எதற்காக வாங்கினார்கள் என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

இதைத் தேடிப் படிக்கக் காரணம் என் தம்பி மகன். சொல்தாவாகப் போய் பிரான்சிலேயே தங்கிவிட்ட தம்பியின் பிள்ளை. பாரிஸில் உத்தியோகம், ஜாஸ் பைத்தியம். "பெரியப்பா, ஒரு ஆர்ச்டாப் கிட்டாருக்குச் சொல்லி வச்சிருக்கேன். கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும்" என்று போன வருஷம் போனில் சொன்னான். விலையைக் கேட்டேன். நான் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணிக்கொடையைவிட அதிகம். "வாசிக்கவா, பீரோவில் வைத்துப் பூட்டவா?" என்றேன். சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை.

முதலில் ஆர்ச்டாப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் கோயில் பாடகர் குழுவிலும் சினிமாவிலும் நாம் பார்க்கும் கிட்டாருக்கு முகப்பலகை தட்டையாக இருக்கும், நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். ஆர்ச்டாப் அப்படியில்லை. அதன் முகம் வயலினைப் போல மெல்ல மேடிட்டிருக்கும். ஓட்டையும் வயலினுக்கு இருப்பதுபோல பக்கத்துக்கு ஒன்றாக 'எஃப்' வடிவத்தில் இரண்டு. அந்த மேட்டைப் பலகையை வளைத்துக் கொண்டுவருவதில்லை. கனமான ஸ்ப்ரூஸ் மரத்தை உளியாலும் சிறு இழைப்புளியாலும் குடைந்து குடைந்து, சில மில்லிமீட்டர் கனத்துக்கு இறக்குவார்கள். பின்பலகை மேப்பிள் மரம். நம் தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்களே, அந்த மாதிரி பொறுமை வேண்டிய வேலை. சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலால் தட்டிப் பார்ப்பதுபோல, செய்கிறவர் பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டு, எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சுரண்டலாம் என்று முடிவு செய்வார். ஒரு சுரண்டல் கூடிவிட்டால் மரம் வீண்.

இந்தக் குடையும் யோசனைக்கு மூலவர் ஆர்வில் கிப்சன். 1898-இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது 1902-இல். ஆனால் இன்று நாம் ஆர்ச்டாப் என்கிற வடிவத்தைக் கொடுத்தவர், 1919 முதல் 1924 வரை அங்கே வேலை பார்த்த லாயிட் லோர். மாண்டலின் வித்வான், ஒலியியலும் அறிந்தவர். 1922-இல் அவர் மேற்பார்வையில் 'எல்-5' வந்தது. அந்த 'எஃப்' துளைகள் கிட்டாருக்கு வந்தது அதில்தான். உள்ளே ஒட்டிய சீட்டில் அவர் கையெழுத்து இருக்கும். இன்று அந்தக் கையெழுத்து இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. ஆயுள் முழுவதும் அதிகாரிகளின் கையெழுத்துக்காகக் கோப்புகளைச் சுமந்தவன் நான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? சத்தத்துக்குத்தான். அன்றைய நடன வாத்தியக் குழுவில் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதுகிறவர்கள் பத்துப் பேர், போதாக்குறைக்கு டிரம்ஸ். சாதாரண கிட்டார் அதில் கேட்காது. அதனால் குழுக்களில் பாஞ்சோதான் வைத்திருந்தார்கள். ஆர்ச்டாப்பில் தந்திகள் வயலினைப் போலவே குதிரையின்மேல் ஏறி வாலில் போய்க் கட்டப்பட்டிருக்கும். அதனால் முகப்பலகையைக் கீழ்நோக்கி அழுத்தும். மீட்டினால் நாதம் பளிச்சென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் வறட்டுச் சத்தம் என்று தோன்றும். பத்து பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே தாளத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்த எல்-5 கிட்டாரை உலகம் கேட்கச் செய்தவர் எடி லாங், பிலடெல்பியாவில் பிறந்த இத்தாலியர். பிங் கிராஸ்பி என்ற பெரிய பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். 1933-இல் தொண்டைச் சதை அறுவை சிகிச்சை ஒன்றில் முப்பது வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குள் பாஞ்சோக்காரர்கள் பலர் கிட்டாருக்கு மாறியிருந்தார்கள்.

சத்தத்துக்கான போட்டியில் கிட்டாரின் வயிறும் பெருத்துக்கொண்டே போனது. எல்-5 தொடக்கத்தில் 16 அங்குல அகலம். சூப்பர் 400 பதினெட்டு. பாஸ்டனில் ஸ்ட்ரோம்பர்க் என்ற தகப்பனும் மகனும் செய்த 'மாஸ்டர் 400' பத்தொன்பது. மடியில் வைத்தால் ஆள் பாதி மறைந்துவிடுவார். வாங்கியவர்கள் பிரபுக்கள் அல்ல. நியூயார்க் வானொலி நிலையங்களிலும் ஓட்டல் நடனக் கூடங்களிலும் வாரச் சம்பளத்துக்கு வாசித்தவர்கள். தையற்காரர் கடன்பட்டாவது நல்ல தையல் மெஷின் வாங்குவதில்லையா, அதுபோலத்தான். கிட்டார் கேட்கவில்லை என்றால் வேலை இல்லை.

அவர்கள் தேடிப்போன இன்னொரு வாசல், நியூயார்க்கின் இத்தாலியர் பேட்டையில் கென்மேர் தெரு, 40-ஆம் எண். ஜான் டி ஏஞ்சலிகோ 1905-இல் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே வயலினும் மாண்டலினும் செய்த உறவினர் ஒருவரிடம் தொழில் கற்கப் போய்விட்டார். 1932-இல் தனிக்கடை போட்டார். பிரெஞ்சில் இப்படிப்பட்டவரை 'லூத்தியே' என்பார்கள், தந்தி வாத்தியம் செய்யும் ஆசாரி. கடை சிறியது, உதவிக்கு ஓரிருவர். வாசிக்கிறவர் நேரில் போவார். எந்த மாதிரி இசை, எப்படிப்பட்ட கை என்று பார்த்து அதற்கேற்பச் செய்து கொடுப்பார். 'எக்ஸல்' 17 அங்குலம், 'நியூயார்க்கர்' 18. நியூயார்க்கரின் தலையில் வானளாவிய கட்டடத்தை முத்துச்சிப்பியில் பதித்திருப்பார். தந்தி கட்டும் வால் படிக்கட்டு போல இருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது அவருடைய பேரேடு. கிட்டாரின் வரிசை எண், வகை, யாருக்குப் போனது, என்று போனது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார். எண் 1001-இல் தொடங்கி 2164-இல் முடிகிறது. ஆக 1,164 கிட்டார்கள். 32 வருஷத்துக்கு வகுத்தால் வருஷத்துக்கு முப்பத்தாறு சொச்சம், பத்து நாளைக்கு ஒன்று. இன்று ஒருவர் அதை வாங்கப் போனால் அசலா போலியா என்று பார்க்க அந்த நோட்டைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு கைவினைஞர் தன் சௌகரியத்துக்காக எழுதிய கணக்கு, பல்லாயிரம் டாலருக்குச் சாட்சியாகிவிட்டது!

இங்கே நம் பிரெஞ்சு வாசனையுள்ள கதை ஒன்று. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் பிரான்சின் நாடோடி இனத்தவர். தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஐரோப்பாவையே வியக்க வைத்தவர். வாசித்தது பாரிஸின் செல்மர் கம்பெனி கிட்டார். 1946-இல் டியூக் எலிங்டன் அழைப்பில் அமெரிக்கா போனபோது, அங்குள்ள கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கிட்டார் பரிசளிக்கும் என்று நினைத்து, தன் கிட்டாரை எடுக்காமல் வெறுங்கையோடு கிளம்பினார் என்று சொல்வார்கள். ஒருவரும் தரவில்லை. பழக்கமில்லாத ஒரு கிப்சன் மின்சாரக் கிட்டாரை வைத்துக்கொண்டு மேடையேற வேண்டியதாயிற்று.

மின்சாரம் என்றேன் அல்லவா, அதுதான் ஆர்ச்டாப்பின் ஜாதகத்தையே மாற்றியது. 1936-இல் கிப்சனே 'இஎஸ்-150' என்று ஒன்று கொண்டுவந்தது. கிட்டாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து சுமார் 150 டாலர். மறுபடியும் விலைதான் பெயர்! சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை வைத்துக்கொண்டு 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சாக்ஸபோனுக்குச் சமமாகத் தனி ஆவர்த்தனம் வாசித்தார். 1942-இல் காசநோயில் இறந்தபோது வயது இருபத்தைந்து. ஆனால் கதை மாறிவிட்டது. சத்தத்துக்காகவா பத்தொன்பது அங்குலம்? ஒரு குமிழைத் திருகினால் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாகக் குடைந்த முகப்பலகை மின்சாரத்துக்கு ஆகாது. ஒலிபெருக்கியின் சத்தம் பட்டு அதுவும் அதிர்ந்து, நம் திருவிழா மைக் 'கூ' என்று ஊளையிடுவதைப்போல ஊளையிடும். ஆகவே 1949-இல் வந்த 'இஎஸ்-175'-க்குக் கிப்சன் ஒட்டுப்பலகை முகமே போட்டது. விலையும் குறைவு, காரியத்துக்கும் தோது. மகத்தான ஜாஸ் வாசிப்பில் எவ்வளவோ அந்த ஒட்டுப்பலகையில் பிறந்ததுதான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஜோ பாஸ், சொந்தமாக ஜாஸ் கிட்டார் இல்லாமல் மறுவாழ்வு இல்லத்தின் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த ரசிகர் ஒருவர் 1963-இல் அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் ஒரு 175-தான்.

அப்படியானால் குடைந்த கிட்டார் அழிந்திருக்க வேண்டுமே? அழியவில்லை, விலை ஏறியது! 1952-இல் டி ஏஞ்சலிகோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்த ஜிம்மி டி அக்விஸ்டோ, குரு 1964-இல் இறந்ததும் கடையை வாங்கி, பாதியில் நின்ற கிட்டார்களை முடித்துக் கொடுத்து, பிறகு தன் வழியில் செய்தார். உலோக வாலை எடுத்துவிட்டுக் கருங்காலியில் வால் செய்தார். குரு இறந்தபோது வயது 59. சீடரும் 1995-இல் அதே 59-இல் போனார். அவர் செய்த ஒரு நீலக் கிட்டாரை வைத்திருந்த ஸ்காட் சினெரி என்ற சேகரிப்பாளர், அவர் நினைவாக இருபத்திரண்டு கைவினைஞர்களிடம் அதே நீலத்தில், பதினெட்டு அங்குலத்தில் ஆளுக்கொன்று செய்யச் சொன்னார். அவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2011-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் டி ஏஞ்சலிகோ பரம்பரைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

கண்காட்சியில் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் கைவினைஞர்கள் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள். ஆனாலும் ஒரு வானொலிக் குழுக்காரர் வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருளை, இன்று அவரைப்போல ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும் என்பது என் மனசுக்கு ஒட்டவில்லை. தம்பி மகன் இதற்கு, "சும்மா வைத்தால் மரம் ஊமையாகிவிடும் பெரியப்பா, தினம் வாசித்தால்தான் திறக்கும்" என்கிறான். வாசிக்கிறானா என்று அவன் பெண்டாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஃப்ரெடி கிரீன். கவுண்ட் பேசி குழுவில் 1937-இல் சேர்ந்தார், ஐம்பது வருஷம் இருந்தார். மின்சாரம் வந்த பிறகும் மாறவில்லை. ஒருமுறை ஒலிபெருக்கி வைத்துத் தனி ஆவர்த்தனம் வாசிக்கப் பார்த்தாராம். தாளம் கெடுகிறது என்று கூட வாசித்தவர்களே மாறி மாறி ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ஸ்ட்ரோம்பர்க் கிட்டாரில் தந்தியை மற்றவர்களின் விரல் நோகும் அளவுக்கு உயர்த்திக் கட்டி, ஒரு மாத்திரைக்கு ஒரு மீட்டு, அதிலும் பல நேரம் இரண்டு ஸ்வரம் மட்டும். இசைத்தட்டில் அவரைத் தனியாகக் கேட்கவே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கோப்பை எழுதுகிற குமாஸ்தாவின் பெயர் உத்தரவில் எங்கே வருகிறது? 1987 மார்ச் 1-ஆம் தேதி லாஸ் வேகஸில் அன்றைய கச்சேரியை முடித்துவிட்டு, எழுபத்தைந்து வயதில் மாரடைப்பில் இறந்தார்.