எந்தக் குழுவைப் பார்க்க வந்தீங்க?

போன வருஷம் ஒரு செமஸ்டர் டோக்கியோவில் படிக்கப் போயிருந்தேன். பி.காம் படிக்கிற பொண்ணுக்கு ஜப்பானில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாணவர் பரிமாற்றத் திட்டம், எங்கள் கல்லூரியில் ரெண்டே பேருக்குத்தான் கிடைத்தது (பீற்றிக்கொள்கிறேன், தெரிகிறது). அங்கே வகுப்பில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்ததை விட, ஷிமோகிட்டாசாவா என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே படித்ததுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

விடுதியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கோயம்புத்தூர் அக்கா ஒருவர்தான் கூட்டிக்கொண்டு போனார். இந்த மாதிரி சின்ன அரங்குகளுக்கு அங்கே 'லைவ் ஹவுஸ்' என்று பெயர். அன்றைக்கு நாலு ராக் குழு, நாலிலும் பெண்கள் மட்டும். அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்விட, வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் என்னிடம் டிக்கெட்டுக்கு 2,500 யென்னும், குடிக்க ஏதாவது வாங்கிக்கொள்ளத் தனியாக 600 யென்னும் வாங்கிக்கொண்டான். (குடிக்க வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். லைவ் ஹவுஸ் பலவும் உணவகம் என்ற உரிமத்தில்தான் நடக்கின்றன.) பிறகு ஒரு கேள்வி கேட்டான். என் அரைகுறை ஜப்பானியத்தில் புரிந்தது இதுதான்: "எந்தக் குழுவைப் பார்க்க வந்தீங்க?"

எனக்கு ஒரு குழுவின் பெயரும் தெரியாது. "எல்லாரையும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். எதையும் குறித்துக்கொள்ளாமல் உள்ளே விட்டான். ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

உள்ளே முப்பத்தைந்து பேர் இருந்தால் அதிகம். டை கட்டிய ஆபீஸ்காரர்கள், கல்லூரிப் பெண்கள், கடைசியில் சுவரோரமாக யாரோ ஒருவருடைய பாட்டி. பேஸ் கிட்டார் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. மூன்றாவதாக வந்த குழுவின் டிரம்மர் ரொம்பக் குள்ளம். மூக்குக் கண்ணாடி பறந்துவிடாமல் இருக்கக் காதோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அடித்த அடியில் அதுவும் பிய்ந்துகொண்டது. பாட்டி தாளம் தப்பித் தப்பிக் கைதட்டினார், ஆனால் நிறுத்தவே இல்லை.

இவர்களெல்லாம் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அடுத்த வாரம் நூலகத்தில் உட்கார்ந்தேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதின்ம வயதுப் பெண்களை வைத்து 'தி ரன்அவேஸ்' என்ற குழு உருவானது. சொந்த ஊரில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படாதவர்கள், 1977இல் ஜப்பானுக்கு வந்தபோது நட்சத்திரங்களாகிவிட்டார்கள். அந்தக் கச்சேரிகளை வைத்தே ஒரு தனி ஆல்பம் வந்தது. நாலு வருஷம் கழித்து, 1981இல், ஒசாகாவில் 'ஷோனென் நைஃப்'. அக்கா தங்கை இருவர், கூட ஒரு தோழி. பகலில் ஆபீஸ் வேலை, மீதி நேரத்தில் மூன்று சுரத்தில் பாட்டு. இவர்களைத்தான் 1991இல் நிர்வாணா குழு தங்கள் பிரிட்டன் பயணத்தில் முன்னால் வாசிக்கக் கூட்டிக்கொண்டு போனது.

'பகலில் ஆபீஸ் வேலை' என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்தக் கால ஜப்பானிய ஆபீஸில் பெண்ணுக்கு என்ன வேலை தெரியுமா? நகல் எடுப்பது, வந்தவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய் வைப்பது, கல்யாணம் ஆனதும் பூங்கொத்து வாங்கிக்கொண்டு வெளியேறுவது. வேலைவாய்ப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு என்ற சட்டம் 1985இல்தான் நிறைவேறி, 1986 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதிலும் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் 'முயற்சி செய்ய வேண்டும்' என்றுதான் முதலாளிகளுக்குச் சொல்லியிருந்தது, மீறினால் தண்டனை கிடையாது. கண்டிப்பான தடையாக மாறியது 1999இல். பல்லில்லாத பாம்பு என்று நம்மூரில் சொல்வோமே, அந்த ரகம்.

சட்டம் அமலுக்கு வந்த மறு வருஷம், 1987இல், 'ஷோ-யா' என்ற பெண்கள் ஹார்டு ராக் குழு ஒரு காரியம் செய்தது. டோக்கியோவின் நடுவில் ஹிபியா பூங்காவில் 1923இல் திறக்கப்பட்ட ஒரு திறந்தவெளி அரங்கம் இருந்தது. ஆண் குழுக்கள் வாசித்து வாசித்துப் புகழ் சேர்த்த இடம். அங்கே மேடை ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் பெண்களாகவே ஒரு விழா நடத்தினார்கள். பெயர் 'நாவோன் நோ யாவோன்'. இந்தப் பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'ஒன்னா' என்றால் பெண். இசைக்காரர்கள் சொற்களைத் திருப்பிப் போட்டுப் பேசும் குழூஉக்குறியில் அது 'நாவோன்' ஆகிவிடும். கிட்டத்தட்ட நம்ம பையன்கள் 'ஃபிகர்' என்பார்களே, அந்தத் தொனி. அந்த வார்த்தையையே எடுத்துத் தங்கள் விழாவின் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள்! எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். இடையில் பல வருஷம் நின்றுபோன விழா 2008இல் மறுபடி உயிர்பெற்றது.

சட்டம் வந்ததால் பாட்டு வந்தது என்று நான் எழுதினால் எங்கள் பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கையில் சொந்தச் சம்பளம் இருக்கிற பெண்கள் அதிகமாக இருந்தால், டிக்கெட்டும் கேசட்டும் வாங்குகிறவர்களும் அதிகம் அல்லவா? இது காமர்ஸ் மூளையின் ஊகம், அவ்வளவுதான்.

அடுத்து வருவது 'பிரின்சஸ் பிரின்சஸ்'. 1983இல் ஒரு இசை கம்பெனி நடத்திய தேர்வில் பொறுக்கி எடுக்கப்பட்ட ஐந்து பெண்கள். முதலில் 'அகசாகா கொமாச்சி', பிறகு 'ஜூலியன் மாமா' என்று இரண்டு பெயர்களில் உலவி, 1986இல்தான் இந்தப் பெயருக்கு வந்தார்கள். 1989இல் புடோகான் அரங்கில் கச்சேரி நடத்தினார்கள், பெண்கள் குழு ஒன்று அங்கே வாசித்தது அதுவே முதல் முறை. அதே வருஷம் அவர்களுடைய 'டயமண்ட்ஸ்' ஜப்பானின் அந்த ஆண்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இன்னொரு விஷயம்: அந்த 1989 டிசம்பர் கடைசியில்தான் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 என்ற உச்சத்தில் நின்றது. பிறகு விழுந்தது, அந்த இடத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது.

1996இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள். 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் புரட்டிப் போட்டன. அதற்காக 2012இல், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள். சுமார் 50 கோடி யென் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் செண்டாய் நகரத்தில் ஒரு இசை அரங்கம் எழும்பியது. 2016 மார்ச்சில் அது திறந்தபோது முதலில் வாசித்ததும் அவர்களே. நிவாரணப் பணத்தில் கச்சேரி அரங்கமா என்று எனக்கும் முதலில் உறுத்தியது. வீடு இழந்த ஊரில் சாயங்காலம் போக ஒரு இடம் வேண்டும் என்பது கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் 2006இல் ஒசாகாவில் தொடங்கிய 'ஸ்கேண்டல்', மெய்ட் காபிக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் 2013இல் தொடங்கிய 'பேண்ட்-மெய்ட்' என்று வரிசை நீள்கிறது. இவர்களைப் பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, நான் வேறு சொல்ல வேண்டாம்.

சரி, அந்த வாசல் கேள்விக்கு வருகிறேன். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது அதே மேசையருகில் அந்தக் குள்ள டிரம்மர் நின்றிருந்தாள். பையன் ஒரு தாளைக் காட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் பர்ஸிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணி ஒரு கவரில் வைத்துக் கொடுத்தாள். எடுத்துக் கொடுத்தது அவள், வாங்கிக்கொண்டது அவன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ரயிலில் அக்கா விளக்கினார். இதற்கு 'நோருமா' என்று பெயர், ரஷ்ய மொழியிலிருந்து வந்த சொல். புதுக் குழு ஒன்று மேடை ஏற வேண்டுமானால் இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும். உதாரணமாக 20 டிக்கெட், 2,500 யென் வீதம் என்று வையுங்கள். 12 பேர்தான் அந்தக் குழுவின் பெயரைச் சொல்லி வந்தார்கள் என்றால் மீதி 8 டிக்கெட்டுக்கு 20,000 யென் அவர்கள் கையிலிருந்து. வாசலில் கேட்பது அந்தக் கணக்குக்காகத்தான். பார்வையாளர் எந்தப் பெயரும் சொல்லாவிட்டால் அந்த டிக்கெட் எந்தக் குழுவின் கணக்கிலும் ஏறாது.

"அப்போ நான் சொன்னது?" என்றேன்.

"யாருக்கும் இல்ல" என்றார் அக்கா.

பிரேக்-ஈவன் பாயிண்ட் பற்றி மூன்று செமஸ்டர் படித்தவள் நான். பரீட்சையில் பதினாறு மார்க் கேள்வி அது.

அடுத்த மாதம் அதே குழு வாசிக்கிறது என்று தெரிந்து தனியாகப் போனேன். போகும் முன் குழுவின் பெயரைக் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதே பையன், அதே கேள்வி. சொன்னேன். உச்சரிப்பு புரியவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை கேட்டான். சத்தமாகச் சொன்னேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எண்ணிக்கையை ஐந்து கோடு கொண்ட ஒரு எழுத்தை எழுதித்தான் குறிப்பார்கள், ஆளுக்கு ஒரு கோடு. அந்தக் குழுவின் பெயருக்கு நேராக அவன் ஒரு கோடு போடும்வரை நான் மேசையை விட்டு நகரவில்லை.