முறுக்குக் கணக்கு: வீட்டிலிருந்து இணையத்தில் விற்கத் தொடங்குமுன்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே புலனக் குழுக்களில் பலகாரப் படங்கள் வரத் தொடங்கிவிடும். அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி, அதிரசம். கீழே ஒரு கைப்பேசி எண். பந்திங் பக்கத்துத் தோட்ட வீடானாலும் கிள்ளானில் ஒரு தாமான் வீடானாலும் நம் பெண்கள் பலருக்கு இணைய வணிகம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆர்டர் கிடைப்பது பெரிய சிரமம் இல்லை. பண்டிகை முடிந்த பிறகு கையில் எவ்வளவு நின்றது என்று கேட்டால்தான் பதில் இருக்காது. அடுத்த ஆண்டும் அதே படம், அதே விலை.

சேலை, ரவிக்கைத் தையல், கைவினை நகை என்று எதை விற்றாலும் பதிவும் விலைக் கணக்கும் ஒன்றுதான். உணவுக்கு மட்டும் சில கூடுதல் விதிகள் உண்டு. அதனால் பலகாரத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பதிவு. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, வியாபாரம் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். “வீட்டிலிருந்துதானே, முகநூலில்தானே” என்பது விலக்கு ஆகாது. பதியாமல் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கட்டணமோ மிகக் குறைவு. அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரிலேயே வியாபாரம் செய்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை பதியலாம். 18 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதியலாம். முகப்பிடத்துக்குப் போக முடியாதவர்களுக்கு ‘ஈஸிபிஸ்’ இணையத்தளம் இருக்கிறது. பி40 குடும்பத்தினருக்கோ கல்லூரி மாணவர்களுக்கோ கட்டணச் சலுகை நடப்பில் உள்ளதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு சொல். தமிழ்ப் பெயர் வையுங்கள், மகிழ்ச்சி. ஆனால் ரோமன் எழுத்தில் அதை எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். முகநூலில் ஒரு ‘க்’, ஷாப்பியில் இரண்டு ‘க்’, வங்கிக் கணக்கில் வேறொன்று என்றிருந்தால் தேடி வருபவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எஸ்.எஸ்.எம்.மில் பதிந்ததாலேயே அந்தப் பெயர் உங்கள் வணிக முத்திரை ஆகிவிடாது. அது மைஐபிஓ எனும் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் தனியாகச் செய்ய வேண்டியது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீடு நிர்வாகத்துடையது. அந்த முகவரியில் வியாபாரம் பதிவதற்கு முன் தோட்ட ஆபிஸில் எழுத்துமூலமாக அனுமதி வாங்கிவிடுவது நல்லது. பின்னால் எழும் தலைவலியை அந்த ஒரு கடிதம் தடுக்கும்.

இன்னொன்று, யார் பெயரில் பதிவது? சுடுவது அம்மா, பதிவு அப்பா பெயரில், பணம் விழுவது மகனின் கணக்கில். நம் வீடுகளில் இது சாதாரணம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் மூன்று ஆண்டு உழைத்த பிறகு அந்த அம்மா கடனுக்குப் போனால், அவர் பெயரில் ஒரு வெள்ளி வருமானம்கூடக் காட்ட முடியாது. உழைப்பவர் பெயரிலேயே பதிந்து, அந்தச் சான்றிதழைக் காட்டி அவர் பெயரிலேயே வணிகக் கணக்கு திறக்க வேண்டும். அக்கா தங்கை இருவர் சேர்ந்து செய்தால் பங்காளி வணிகமாகப் பதியுங்கள். வாய்ப்பேச்சுப் பங்கு பண்டிகை வரைதான் தாங்கும்.

உணவு விற்பவர்களுக்கு 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகள் பொருந்தும். சமைப்பவரும் பொட்டலம் கட்டுபவரும் உணவு கையாளுநர் பயிற்சி முடித்து, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும். கச்சான், பால், முட்டை, கோதுமை போன்று ஒவ்வாமை தரக்கூடியவை சேர்ந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். காலாவதித் தேதியையும் போடுங்கள். உள்நாட்டில் தயாராகும் உணவின் லேபிள் மலாய்மொழியில் இருக்க வேண்டும். உடன் தமிழையும் சேர்க்கத் தடையில்லை. சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்று எழுதுவது குற்றம். ‘சைவம்’ என்று எழுதுங்கள், போதும்.

மூலிகைத் தலை எண்ணெய், சோப்பு செய்பவர்கள் வேறு வழியில் போக வேண்டும். அவை அழகுப் பொருள் என்பதால், விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்பிஆர்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். “முடி கொட்டுவதைக் குணப்படுத்தும்” என்று எழுதிவிட்டால் அது மருந்து என்ற கணக்கில் போய் நிற்கும்.

இனி விலை. பலரும் சறுக்கும் இடம் இதுதான். எடுத்துக்காட்டுக்கு, அரைக்கிலோ முறுக்கு ஒரு டப்பா 18 வெள்ளி என்று வைப்போம். மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் 7 வெள்ளி. எரிவாயு, மின்சாரம் 1 வெள்ளி. டப்பா, லேபிள் 2 வெள்ளி 50 காசு. அட்டைப்பெட்டி, காற்றுக்குமிழ் உறை 1 வெள்ளி 50 காசு. மொத்தம் 12 வெள்ளி. மீதி 6 வெள்ளி லாபம் என்று மனம் குளிரும். இருவர் ஐந்து மணி நேரம் நின்று 20 டப்பா சுட்டால் 120 வெள்ளி. பத்து மணி நேர உழைப்புக்கு மணிக்கு 12 வெள்ளி.

இப்போது அதையே இணையச் சந்தையில் போடுங்கள். தளம் 12 விழுக்காடு பிடிக்கிறது என்று வைத்தால் ஒரு டப்பாவுக்கு 2 வெள்ளி 16 காசு போய்விடும். 20 டப்பாவுக்கு மிஞ்சுவது 76 வெள்ளி 80 காசு. பொட்டலம் கட்டவும் புலனத்தில் பதில் சொல்லவும் இன்னும் இரண்டு மணி நேரம் சேருங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு, மணிக்கு 6 வெள்ளி 40 காசு. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதாவது மணிக்கு 8 வெள்ளி 72 காசு. சொந்த அடுப்பங்கரையில் அதைவிடக் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறோம், அதுவும் உடைந்த டப்பாவுக்குப் பணம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். தளங்களின் கட்டணமும் அடிக்கடி மாறுகிறது. ஆனால் உங்கள் நேரத்தையும் செலவில் ஒரு வரியாக எழுதாமல் விலை வைக்காதீர்கள். “அந்தக்கா 15 வெள்ளிக்குத் தர்றாங்க” என்பவரிடம் 18க்கு இறங்குவதைவிட, 22 வெள்ளிக்குக் குறைவாக விற்றாலும் நட்டமில்லாத வாடிக்கையாளரைத் தேடுவது மேல்.

அனுப்பும் செலவில் ஒரு பொறி இருக்கிறது. கூரியர்கள் உண்மையான எடையையும் பரிமாண எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செண்டிமீட்டரில் பெருக்கி, 5,000 அல்லது 6,000 என நிறுவனம் வைத்திருக்கும் எண்ணால் வகுப்பதே பரிமாண எடை. 40க்கு 30க்கு 30 அளவுள்ள பெட்டியில் மூன்று கிலோ முறுக்கு வைத்தாலும், 6,000ஆல் வகுத்தால் ஆறு கிலோவுக்குக் கட்ட வேண்டும். முறுக்கு காற்றைத்தான் அதிகம் சுமக்கிறது. ஆகவே டப்பா வாங்கும் முன்பே பெட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். அதிரசம் போன்ற ஈரப் பலகாரங்களைச் சபா, சரவாக்கிற்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது. கூரியர் வண்டி உள்ளே வராத தோட்டங்களில், பட்டணத்தில் உள்ள பார்சல் மையத்துக்கு வாரம் இருமுறை கொண்டுபோவதற்கான பெட்ரோலும் செலவுதான்.

எங்கே விற்பது என்றால், தொடக்கத்தில் முகநூலும் புலனமுமே போதும் என்பது என் எண்ணம். கமிஷன் இல்லை, வாங்குபவர் தெரிந்தவர். ஷாப்பி, லஸாடா, டிக்டாக் ஷாப் எல்லாம் விலையைச் சரிசெய்த பிறகு. எங்கே விற்றாலும் “விலைக்கு பிஎம் பண்ணுங்க” என்று எழுதாதீர்கள். மலாய்க்காரர்கள் ‘பிஎம் தெப்பி’ என்று கேலி செய்யும் இந்தப் பழக்கத்தை உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மின்னியல் வணிக விதிகளே விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உள்ளிட்ட முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், கிடைக்கும் காலம் ஆகியவற்றைப் பக்கத்தில் போடச் சொல்கின்றன.

பணம் வந்ததா என்பதை வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். போலி ரசீது தயாரிப்பது சில நிமிட வேலை. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள், பிறகு பொட்டலம் கட்டுங்கள். “ஆர்டர் விவரம் இதில் இருக்கிறது” என்று ஏபிகே கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். மாவு, டப்பா மொத்தமாக வாங்க முன்பணம் அனுப்புமுன், அந்தக் கணக்கு எண்ணைப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 997.

பதிந்தால் வரி வந்துவிடும் என்ற பயம் பலரிடம் உண்டு. வரி லாபத்துக்குத்தான், பதிவுக்கு அல்ல. வருமானத்தை அறிவிக்கும் கடமை பதிந்தவருக்கும் பதியாதவருக்கும் ஒன்றே. வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு ‘பி’ பாரம், கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு பள்ளி நோட்டில் வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம் என்று அன்றன்றே எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

கடன் கடைசியில்தான். ஒரு தீபாவளியாவது சொந்தக் காசில் விற்றுப் பார்த்த பிறகு, பெரிய மாவு அரைக்கும் இயந்திரமோ வண்டியோ தேவை என்றால் இந்தியத் தொழில்முனைவோருக்கு டெக்குன் நேஷனல் வழி ஸ்பூமி கடனும், இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியார் வழி 2024இல் தொடங்கப்பட்ட ‘பெண்’ திட்டமும் இருக்கின்றன. நிதி ஒதுக்கீடும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கிளை அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். “நான் எடுத்துத் தர்றேன்” என்று கமிஷன் கேட்கும் தரகர் வேண்டாம். போகும்போது எஸ்.எஸ்.எம். சான்றிதழ், ஆறு மாத வங்கி அறிக்கை, அந்தப் பள்ளி நோட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.