பெஷ்டிகோ தீ அருங்காட்சியகம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெஷ்டிகோ ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் பெஷ்டிகோ. 19ஆம் நூற்றாண்டில் மரத்தொழிலால் வளர்ந்த ஊர் இது. சுற்றிலும் பைன் காடுகள். ஊருக்குள் மர அறுவை ஆலையும், வாளி, தொட்டி முதலிய மரச்சாமான்கள் செய்யும் பெரிய தொழிற்சாலையும் இருந்தன. வீடுகளும் நடைபாதைகளும் மரத்தால் ஆனவை. தெருக்களில் மரத்தூள் பரப்பப்பட்டிருந்தது.

1871 கோடையில் மழை பொய்த்தது. நிலம் திருத்தவும் இருப்புப்பாதை போடவும் மூட்டிய சிறு தீக்கள் காடெங்கும் கனன்றுகொண்டிருந்தன. அக்டோபர் 8ஆம் நாள் இரவு, பலத்த காற்று அவற்றை ஒரே பெருந்தீயாக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஊர் அழிந்தது. பிழைத்தவர்களில் பலர், ஆற்றில் இறங்கித் தலையில் ஓயாமல் நீரை வாரி இறைத்துக்கொண்டவர்கள். சுமார் 12 லட்சம் ஏக்கர் எரிந்தது. இறந்தோர் 1,200 முதல் 2,500 வரை என மதிப்பிடப்படுகிறது. அமெரிக்க வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட காட்டுத்தீ இதுவே. அதே இரவில் சிகாகோ நகரமும் பற்றி எரிந்ததால், இத்துயரம் வெளியுலகில் உரிய கவனம் பெறவில்லை.

1963இல் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. தீக்குத் தப்பிய பொருள்கள் மிகச் சிலவே. பாதிரியார் பீட்டர் பெர்னின் ஆற்றில் தள்ளிக் காப்பாற்றிய நற்கருணைப் பேழை அவற்றுள் முதன்மையானது. அக்கால வீட்டுச் சாமான்களும் தொழிற்கருவிகளும் ஊரின் அன்றாட வாழ்வைக் காட்டுகின்றன. அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், அடையாளம் காண முடியாத சுமார் 350 பேர் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். விஸ்கான்சின் மாநிலத்தின் முதல் அதிகாரபூர்வ வரலாற்றுப் பலகை 1951இல் இத்தோட்டத்தில்தான் நிறுவப்பட்டது.